வளைந்த பீமில் ஒரு ஜன்னல்

'இந்தப் பொருளை வெட்ட இயலாது' என்று கம்ப்யூட்டர் மறுபடியும் கட்டம் கட்டிச் சொன்னது. கட்டத்துக்குக் கீழே 'சரி' என்று ஒரே ஒரு பட்டன். 'சரியில்லை' என்று சொல்ல வழியே வைக்கவில்லை.

மெர்லிண்டா பல்லைக் கடித்துக்கொண்டு 'சரி'யை அழுத்தினாள்.

"என்ன இண்டாய், இன்னும் கிளம்பலையா?" பக்கத்து நாற்காலியிலிருந்து ரெனான்டே எட்டிப் பார்த்தான். செபுவில் பெண்களைச் செல்லமாக 'இண்டாய்' என்பார்கள். "இன்னிக்கு உன்னைப் பொண்ணு கேக்க வர்றாங்கன்னு சொன்னே?"

"வர்றாங்க. நான்தான் இன்னும் போகலை."

"பொண்ணு இல்லாம பொண்ணு கேட்டா அது செல்லுமா?"

"வாயைக் கழுவிட்டு வா, போ."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் அதே கவலைதான். லெமுவெலின் குடும்பம் பொஹோலிலிருந்து படகேறியாகிவிட்டது. சாயங்காலக் கடைசிப் படகில் திரும்பியாக வேண்டும். லெமுவெலின் அப்பா கப்பலில் சமையல்காரர். நாளைக்கு மணிலா போய்க் கப்பல் ஏறினால் பத்து மாதம் கழித்துத்தான் தரையைப் பார்ப்பார். அப்பா இல்லாமல் பெண் கேட்கிற வழக்கம் கிடையாது. பத்து மாதம் பொறுக்கலாம் என்றால் அடுத்த வருஷம் லெமுவெலின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ஒரே வருஷத்தில் ஒரு வீட்டில் இரண்டு கல்யாணம் நடந்தால் ஒன்றின் அதிர்ஷ்டத்தை மற்றது தின்றுவிடும் என்பது செபு, பொஹோல் இரண்டு தீவுக்கும் பொதுவான பயம். ஆக, இன்று விட்டால் அதற்கும் அடுத்த வருஷம்தான்.

அது போதாதென்று லெமுவெலின் அம்மா செலிங் போன மாதம் ஒரு வார்த்தை விட்டிருந்தாள். "அந்தப் பொண்ணு ஏற்கெனவே கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்ட மாதிரியில்ல இருக்கு? என் பையன் எதுக்கு ரெண்டாந்தாரமாப் போகணும்?" அந்த வார்த்தை கடல் தாண்டி வந்து மெர்லிண்டாவின் காதில் விழுந்து, இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

அதனால்தான் அரை நாள் லீவு கேட்டிருந்தாள். ஆபீசை நடத்தும் மேடம் புரிங்கும் தாராளமாகத் தலையாட்டியிருந்தார். அதற்குள் காலையில் இன்ஜினியர் கபாஹுக்கிடமிருந்து போன் வந்தது.

கபாஹுக், கடலோரத்தில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய விடுதியின் இன்ஜினியர். அந்த விடுதியின் வரவேற்பு மண்டபத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஒரு முழுக் கட்டடமாக எழுப்பிக் கொடுப்பது மெர்லிண்டாவின் வேலை. மண்டபத்தின் கடல் பக்க வாசலுக்கு மேல் ஆள் உயரத் தடிமனில் அரை நிலா மாதிரி வளைந்து ஒரு பீம் போகிறது. அதைப் பற்றித்தான் போன்.

கட்டடம் நடக்கும் இடத்திலிருந்து பேசினார். பக்கத்திலேயே ஜெனரேட்டர்.

"மெர்லிண்டா, கூரை டர்ர்ர்ர்... முதலாளி டர்ர்ர்ர்... அதனால அந்த வளைஞ்ச பீமை வெட்டிடுங்க. அந்தப் பக்கம் கடல் தெரியணும். அவ்வளவுதான். இன்னிக்குச் சாயங்காலம் முதலாளிக்குக் காட்டணும்."

"நோட்டட், சார்."

அந்த ஆபீசில் 'நோட்டட்' என்பது தும்மினால் வரும் 'அம்மா' மாதிரி. புரிந்தாலும் வரும், புரியாவிட்டாலும் இன்னும் வேகமாக வரும். முதலில் 'நோட்டட்' சொல்லிவிட வேண்டியது. என்ன நோட் பண்ணினோம் என்பதைப் பிறகு உட்கார்ந்து யோசிக்க வேண்டியது. இரண்டாம் தடவை கேட்டால் மேடம் புரிங்குக்குப் பிடிக்காது. "வாடிக்கையாளர் ஒரு தடவை சொன்னாப் போதும். திருப்பிக் கேட்டா நம்ம ஆபீஸ்ல காதில்லாதவங்கதான் இருக்காங்கன்னு நினைச்சுப்பாங்க" என்பார்.

இருந்தாலும் மெர்லிண்டா துணிந்து ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பார்த்தாள். 'சார், எவ்வளவு வெட்டணும்?'

'முழுசா' என்று பதில் வந்தது. கூடவே ஒரு கட்டை விரல்.

முழுசா என்றால் பீமின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. கடல் தெரியும்படி பெரிய ஓட்டை. பணக்கார விடுதிக்காரர்கள் எதைத்தான் கேட்க மாட்டார்கள்? சரி, பத்து நிமிஷ வேலை என்று உட்கார்ந்தாள்.

அங்கேதான் கம்ப்யூட்டர் காலை வாரியது. நேரான பீமை வாழைத்தண்டு நறுக்குகிற மாதிரி நறுக்கித் தரும் அந்த மென்பொருள், பீம் கொஞ்சம் வளைந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும். வளைந்த பீமில் ஓட்டை போடுவது அதன் கொள்கைக்கு விரோதம்.

"இதுக்கு ஒரு வழி இருக்கு" என்றான் ரெனான்டே.

அவன் அப்படிச் சொன்னால் ஆபீசில் பாதிப் பேர் பயப்படுவார்கள். மெர்லிண்டா பயப்படும் நிலையில் இல்லை.

"சொல்லித் தொலை."

"வளைஞ்சதை வெட்டாது. ஆனா நேரா இருந்தா வெட்டும். அப்ப, குட்டிக் குட்டியா நேர் பீமை வரிசையா வெச்சு வளைவு மாதிரி அடுக்கிடு. தூரத்துலேர்ந்து பாத்தா யாருக்குத் தெரியப்போகுது?"

அடுக்கினாள். இறால் ஓடு மாதிரி துண்டு துண்டாக அழகாகவே வளைந்தது. நடுத் துண்டுகளில் ஓட்டை போட்டாள். போட்டது! மெர்லிண்டா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"யாரு அது வாசல்ல இத்தனை தூண் வெச்சது?" என்று கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேடம் புரிங்கின் குரல் வந்தது.

ஒரு பீம் எங்கே முடிகிறதோ அங்கே தானாகவே ஒரு தூண் முளைக்க வேண்டும் என்று மேடம்தான் போன வருஷம் அந்த மென்பொருளுக்குக் கட்டளை போட்டு வைத்திருந்தார். இப்போது ஒவ்வொரு துண்டும் ஒரு பீம். துண்டுக்குத் துண்டு தூண். வாசல் தென்னந்தோப்பு மாதிரி நின்றது.

"விருந்தாளிங்க உள்ள வர்றதா, இல்ல கண்ணாமூச்சி ஆடறதா?" என்று கேட்டபடி மேடம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "கைப்பையோட எங்கம்மா கிளம்பிட்டே?"

"மேடம், இன்னிக்கு லீவு..."

"தாராளமாப் போ. உன் கல்யாணத்துக்கு நானே வந்து ஆடறேன். அந்த பீமை மட்டும் வெட்டிக் குடுத்துட்டுப் போ."

கைப்பை இறங்கியது. போன் அடித்தது. அம்மா.

"எங்கடி இருக்கே? அவங்க படகை விட்டு இறங்கிட்டாங்களாம்!"

"வந்துட்டே இருக்கேம்மா."

"எங்க வந்துட்டே இருக்கே?"

"மனசால வந்துட்டே இருக்கேன். வெச்சுடறேன்."

ரெனான்டே தலையைச் சொறிந்தான். "இன்னொரு வழி இருக்கு. அது பீமுன்னு தெரிஞ்சாத்தானே இந்தச் சனியன் வெட்டாது? பீமுன்னே சொல்லாதே. மாவு உருட்டற மாதிரி சும்மா ஒரு வளைஞ்ச கட்டி பண்ணு. கட்டியில எத்தனை ஓட்டை வேணாலும் போடலாம்."

துண்டுகளையும் தூண்களையும் அழித்துவிட்டுக் கட்டி உருட்டினாள். ஓட்டை அல்வாவில் விரல் விட்ட மாதிரி விழுந்தது. ஆனால், 'இது என்ன பொருள்?' என்று மென்பொருள் கேட்டது. பட்டியலில் பீம் என்று போட்டால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். அவசரத்தில் முதலில் கண்ணில் பட்டதைத் தட்டினாள். அது 'மேசை நாற்காலி'.

அந்தக் கட்டட மாதிரியில் அவள் மட்டும் வேலை செய்யவில்லை. எதிர் வரிசையில் சரீத்தோ உட்கார்ந்து அதே மண்டபத்துக்குச் சோபாவும் விளக்கும் போட்டுக்கொண்டிருந்தாள். வரவேற்பு மண்டபத்து மேசை நாற்காலிகளை எல்லாம் நீச்சல் குளத்தோரம் மாற்றச் சொல்லி அவளுக்குக் காலையில் உத்தரவு. மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள், மொத்தமாக நகர்த்தினாள்.

"மெர்லி," என்று கூப்பிட்டாள் சரீத்தோ. "குளத்துக்கு மேல என்னமோ திமிங்கலம் மாதிரி மிதக்குதே, அது உன்னுதா?"

மெர்லிண்டா வாசல் பக்கம் பார்த்தாள். பீம் இருந்த இடத்தில் பீம் இல்லை.

"அடிப்பாவி, என் பீமைத் தூக்கிட்டுப் போயிட்டியே!"

"எனக்கென்ன தெரியும்? நாற்காலியோட நாற்காலியா உக்காந்திருந்துச்சு. எனக்குக் கேட்டா இப்பத்தான் வாசல் பளிச்சுன்னு இருக்கு. கடல் எவ்வளவு நல்லாத் தெரியுது பாரு."

"உன்னை யாரும் கேக்கலை. திருப்பிக் குடு."

இனி நாற்காலிகளோடு போகாதபடி, ஓட்டையில்லாத பழைய பீமாகவே திரும்பி வந்தது. போனும் வந்தது.

"அவங்க வீட்டுக்கே வந்தாச்சுடி! லெச்சோனும் வந்து இறங்கியாச்சு. முழுசா வாட்டின பன்னியே நேரத்துக்கு வந்துடுச்சு, பொண்ணு நீ வரலையே!"

"என்னம்மா சொன்னே அவங்ககிட்ட?"

"என்னத்தைச் சொல்றது? நீ மேல குளிச்சிட்டிருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கேன். மொத்தக் குடும்பமும் மாடிப்படியையே பாத்துட்டு உக்காந்திருக்கு."

"கொஞ்சம் நேரம் சமாளி."

"எவ்வளவு நேரம்டி ஒருத்தி குளிப்பா?"

இன்ஜினியருக்கே போன் போட்டு 'எப்படி வெட்டறதுன்னு நீங்களே சொல்லுங்க சார்' என்று கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விரல் போனின் மேலேயே போய்விட்டது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேடம் நிமிர்ந்து பார்த்தார். விரல் திரும்பி வந்துவிட்டது.

மூன்றாவது வழியை ரெனான்டே குரலைத் தாழ்த்திச் சொன்னான். மென்பொருளில் கண்ணுக்குத் தெரியாத கத்தி ஒன்று உண்டு. வெறும் காற்றால் ஆன பெட்டி. எதன் மேல் பட்டாலும் அதை வெட்டும், பீம், மேசை, நாற்காலி என்று பேதம் பார்க்காது.

"எதையுமா?"

"எதையும். அதான் அதோட விசேஷம்."

அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் பீமுக்குக் குறுக்கே வைத்தாள். பீமில் கச்சிதமாக ஓட்டை விழுந்தது. மெர்லிண்டா எழுந்து நின்று கைதட்டினாள். பிறகு, முதலாளி வாசலில் நின்று பார்ப்பது போல் ஒரு காட்சி எடுத்துப் பார்த்தாள்.

கடல் தெரிந்தது. கடலுக்கு முன்னால், கத்தி நீளமாகப் போய் வெட்டியிருந்த சுவருக்குள், ஆண்கள் கழிப்பறையும் வரிசையாகத் தெரிந்தது.

ரெனான்டே வெகுநேரம் அந்தக் காட்சியை ரசித்தான். "நல்ல காத்தோட்டம்" என்றான்.

"உன்னை அப்படியே அந்த ஓட்டையில தூக்கிப் போட்டுடுவேன்."

கத்தியைக் குட்டையாக்கினாள். இப்போது கழிப்பறை தப்பித்தது, ஆனால் சரீத்தோவின் கொத்து விளக்கு பாதியாகத் தொங்கியது. விளக்கை நகர்த்தச் சொன்னாள். சரீத்தோ விளக்கை நகர்த்தினால் கூரை நகர வேண்டும் என்றாள். கூரை என்றதும் மெர்லிண்டா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அம்மா மறுபடியும் கூப்பிட்டாள். இந்தத் தடவை குசுகுசுவென்று பேசினாள்.

"இன்னுமா குளிக்கறான்னு செலிங் கேக்கறாடி."

"தலைக்கு ஊத்திக்கறேன்னு சொல்லு."

"அதை அப்பவே சொல்லியாச்சு. தண்ணி வர்ற சத்தமே கேக்கலையேங்கறா. உங்கப்பா மேல போயி வாளியில தண்ணியைச் சாச்சுச் சாச்சு ஊத்திட்டிருக்காரு. அவருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. லெமுவெலோட அப்பா வேற கடிகாரத்தைப் பாத்துட்டே இருக்காரு. நீ எப்பத்தான் வருவே?"

மெர்லிண்டாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ரெனான்டேவுக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி வந்தது. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"இண்டாய், இன்ஜினியர் சரியா என்னதான் சொன்னாரு?"

"வெட்டிடுங்க, அந்தப் பக்கம் கடல் தெரியணும்னாரு."

"கடல் தெரியணும்னா..." ரெனான்டேவின் முகம் மலர்ந்தது. "ஜன்னல்!"

"என்னது?"

"வளைஞ்ச பீமுலதான் ஓட்டை போடாது. வளைஞ்ச சுவத்துல ஜன்னல் வைக்குமில்ல? அந்த பீமைச் சுவருன்னு சொல்லிடு. தரையில நிக்காத சுவரு. அதுல ஒரு ஜன்னல் வெச்சு, கண்ணாடியைக் கழட்டிட்டா ஓட்டை!"

மெர்லிண்டா அவனை ஒரு கணம் பார்த்தாள். கட்டிப்பிடித்திருப்பாள். ஆனால், தான் இன்னொருவனுக்கு நிச்சயமாக வேண்டியவள் என்பது நினைவுக்கு வந்தது.

பீம் சுவராயிற்று. வளைந்த சுவர் எந்த முனகலும் இல்லாமல் ஜன்னலை ஏற்றுக்கொண்டது. ஆபீசில் சேர்த்து வைத்திருந்த ஜன்னல்களில், வளைவுக்குப் பொருந்தியது ஒன்றே ஒன்றுதான். யாரோ ஒரு பணக்கார அம்மாளின் வீட்டுக்காகச் செய்தது. வெள்ளைச் சட்டம், வெளியே ஒரு திட்டு, திட்டில் ஒரு பூந்தொட்டி. கண்ணாடியைக் கழற்ற முடிந்தது. தொட்டியைக் கழற்ற முடியவில்லை. அது ஜன்னலோடு ஒட்டிப் பிறந்தது.

"தொட்டி இருந்தா என்ன, அழகாத்தானே இருக்கு" என்றான் ரெனான்டே.

அதற்குள் மென்பொருள் எச்சரிக்கை விட்டது. இந்த உயரத்தில் ஜன்னல் வைத்தால் யாராவது விழுந்துவிடுவார்கள், கைப்பிடிக் கம்பி எங்கே என்று கேட்டது. ஒரு பீமுக்குள்ளிருந்து யார் எட்டிப் பார்த்து விழப்போகிறார்கள் என்று அதனிடம் விவாதம் செய்ய நேரமில்லை. கம்பியும் வைத்தாள்.

மேடம் புரிங் வந்து திரையைப் பார்த்தார். மண்டபத்து வாசலுக்கு மேலே, ஆகாயத்தில், பூந்தொட்டியும் கைப்பிடியுமாக ஒரு ஜன்னல். அதற்குள் நீலமாகக் கடல்.

"இதைத்தான் கேட்டாங்களா?"

"கடல் தெரியணும்னு கேட்டாங்க, மேடம்."

மேடம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "பணக்காரங்க ரசனையே தனிதான்" என்றார். "அனுப்பு."

அனுப்பு பட்டனைத் தட்டிய கையோடு மெர்லிண்டா படியிறங்கி ஓடினாள். முதலில் அகப்பட்ட வாடகை பைக்கில் ஏறினாள். "தலிசாய், எங்க வீட்டுக்கு. சீக்கிரம். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிட்டிருக்கு."

பைக் ஓட்டுபவன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தான். "பிடிச்சவனோடயா, பிடிக்காதவனோடயா? அதைப் பொறுத்துத்தான் வேகம்."

"பிடிச்சவன்தான், அண்ணா!"

அதற்குப் பிறகு அவள் கண்ணைத் திறக்கவில்லை.

வீட்டு முன்பக்கம் முழுக்கச் செருப்புகள். பின்பக்கமாகச் சுற்றிச் சமையல்கட்டுக்குள் நுழைந்தாள். அம்மா தயாராக வைத்திருந்த வாளித் தண்ணீரை அப்படியே அவள் தலையில் கவிழ்த்தாள்.

"அம்மா!"

"குளிச்சிட்டு வர்ற. சிரி."

துண்டைத் தலையில் சுற்றி, மேலே ஒரு நல்ல சட்டையை மாட்டி, அம்மா அவளைக் கூடத்துக்குள் தள்ளிவிட்டாள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரு சேர மாடிப்படியிலிருந்து பார்வையைத் திருப்பிச் சமையல்கட்டு வாசலைப் பார்த்தார்கள். மூலையில் லெமுவெல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். அவன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். உயிர் போகிற நோயாளியைக்கூடப் பதறாமல் பார்ப்பவன் என்று பெயர். இன்று அவன் முகம்தான் உயிர் போய் வந்த மாதிரி இருந்தது.

செலிங் அவளை மேலிருந்து கீழ் வரை ஒரு முறை அளந்தாள். கண் கழுத்தில் வந்து நின்றது.

"ஏம்மா, ஆபீஸ் அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் குளிப்பியா?"

மாடியில் அப்பா இன்னும் விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

மெர்லிண்டா துண்டை அவிழ்த்தாள். "குளிக்கலை, அத்தை. இப்பத்தான் ஆபீஸ்லேர்ந்து வர்றேன். ஒரு வளைஞ்ச பீமை வெட்டணும்னு சொன்னாங்க. அது வெட்டுப்படவே மாட்டேன்னுது. முடிக்காம எந்திரிக்க மனசு வரலை. அம்மா மேல கோவப்படாதீங்க. நான்தான் தப்பு."

"ஒரு பீமுக்கா இவ்வளவு நேரம்? காட்டு, அந்த பீமை."

போனில் படத்தைக் காட்டினாள். செலிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பக்கத்திலிருந்தவளிடம் காட்டினாள். மறுபடியும் வாங்கிப் பார்த்தாள்.

"இதென்ன, ஜன்னலா?"

"ஆமா அத்தை. உள்ள வர்றவங்களுக்குக் கடல் தெரியணும்னு கேட்டாங்க."

"பூந்தொட்டிகூட வெச்சிருக்கியே." செலிங்கின் குரல் இறங்கியது. "யாரோ முகம் தெரியாதவங்க கடலைப் பாக்கணுங்கறதுக்காகத் தன் விசேஷத்தையே விட்டுட்டு உக்காந்திருக்கே. அப்ப, என் பையன் ஒண்ணு கேட்டா விட்டுடவா போறே?" லெமுவெலைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க வீட்டுச் சமையல்கட்டுலயும் கடல் பக்கம் ஒரு ஜன்னல் வேணும்னு இவன் அப்பாவைப் பத்து வருஷமாக் கேக்கறேன். இவ வந்தா வெச்சிடுவா போலிருக்கே!"

கூடம் கலகலத்தது. மாடியில் தண்ணீர் நின்றது. அப்பா முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, எதுவும் நடக்காதது போல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கேட்க வந்ததை நேராகக் கேட்டால் மரியாதையில்லை என்பதால், பேசுவதற்கென்றே மாப்பிள்ளை வீட்டார் கார்தோ மாமாவை அழைத்து வந்திருந்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"எங்க வீட்டுல ஒரு படகு இருக்கு. நல்ல படகு. அதைக் கட்டி வைக்க ஒரு துறைதான் இல்ல. உங்க பக்கம் ஒரு நல்ல துறை இருக்குன்னு கேள்விப்பட்டோம்."

"துறை இருக்கு," என்றார் அப்பா. "ஆனா படகுல ஓட்டை கீட்டை உண்டான்னு தெரியணுமில்ல?"

"ஓட்டை கிடையாது. கொஞ்சம் குறட்டை உண்டு."

"அடிக்கடி புயல்ல போற படகோ?"

"சீக்கிரம் கேளுப்பா, படகு போயிடும்!" என்றார் லெமுவெலின் அப்பா, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

"எந்தப் படகு?" என்றார் கார்தோ மாமா குழம்பிப்போய்.

"துறைமுகத்துல நிக்கற படகு! நாம ஏற வேண்டிய படகு!"

"அய்யோ, எதுக்கு இப்படிச் சுத்தி வளைச்சுப் பேசறீங்க?" செலிங் எழுந்தே விட்டாள். "நேராக் கேட்டா என்ன? மெர்லிண்டா, எங்க லெமுவெலைக் கட்டிக்கறியா?"

எல்லாக் கண்களும் அவள் மேல். லெமுவெலின் கைக்குட்டை பாதி வழியில் நின்றது. நாள் முழுக்கப் பழகிய வாய் அவளைக் கேட்காமலே திறந்தது.

"நோட்டட்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. முதலில் லெமுவெல்தான் சிரித்தான். பிறகு வீடே சிரித்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கார்தோ மாமா மட்டும், துறை சரியென்று சொன்னதா இல்லையா என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செலிங் மருமகளின் கையில் கத்தியைக் கொடுத்து, மேசையில் பளபளத்துக் கிடந்த லெச்சோனுக்கு முன்னால் நிறுத்தினாள். "வெட்டும்மா. நேரமாகுது."

"எவ்வளவு வெட்டணும், அத்தை?" என்று கேட்டாள் மெர்லிண்டா. அன்றைக்கு அவளுக்கு வந்திருந்த ஒரே புத்தி அது.

முறுகிய தோல் மொறுமொறுவென்று உடைந்தது. கையெல்லாம் கொழுப்பு வழிய வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இன்ஜினியர் கபாஹுக்கின் ஆபீஸ் எண். மெர்லிண்டா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்ட, லெமுவெல் போனை எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான். மருமகளின் பெருமையைக் கேட்க செலிங் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"மெர்லிண்டா, டாலி பேசறேன்," என்றது இன்ஜினியரின் உதவியாளர் குரல். "படம் வந்துச்சு, ரொம்ப அழகா இருக்கு. ஆனா சார் ஒரு மாதிரியா முழிச்சுட்டு உக்காந்திருக்காரு. கூரையே மாறிடுச்சு, இனிமே அந்த பீமே கிடையாது, படத்துலேர்ந்து வெட்டிடுங்கன்னு காலையிலயே சொன்னாராமே... இல்லாத பீமுக்கு எதுக்குங்க பூந்தொட்டி?"